பத்து ஃபெரிங்கியை நேரம் அறிந்து சுற்றிப் பார்ப்பது எப்படி?

மலேசியாவின் பினாங்குத் தீவின் வடகரையில், ஜார்ஜ்டவுனிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், மலைக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கிறது பத்து ஃபெரிங்கி. மலாய் மொழியில் ‘பத்து’ என்றால் கல். ‘ஃபெரிங்கி’ என்பது நமக்குப் புதிய சொல் அன்று. பறங்கிமலையிலும் பறங்கிப்பேட்டையிலும் பறங்கிக்காயிலும் இருக்கும் அதே ‘பறங்கி’தான். இந்தக் கரையில் ஒதுங்கிய போர்த்துக்கீசியரால் இப்பெயர் வந்தது என்பர். ஆகவே ‘பறங்கிக் கல்’ என்று தமிழில் சொன்னால் பொருள் சிறிதும் குறையாது.

இங்கே வருபவர்களில் பலர் விடுதி, மணல், இரவுச் சந்தை ஆகிய மூன்றோடு நிறுத்திக்கொண்டு, ‘இவ்வளவுதானா?’ என்ற மனக்குறையுடன் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். மாலத்தீவைப் போன்ற பளிங்கு நீரை எதிர்பார்த்து வந்தால் இந்தக் கடல் ஏமாற்றவே செய்யும். பத்து ஃபெரிங்கியின் செல்வம், கிழக்கே தஞ்சோங் புங்காவிலிருந்து மேற்கே தெலுக் பஹாங் வரை கரையை ஒட்டி வளைந்து செல்லும் ஒற்றைச் சாலையின் இருமருங்கிலும் இருக்கிறது. அங்குள்ள ஒவ்வோர் இடத்திற்கும் உகந்த பொழுது ஒன்று உண்டு. அந்தப் பொழுதை அறிந்து சென்றால் இரண்டு நாளிலேயே மனம் நிறையப் பார்த்துவிடலாம்; அறியாமல் சென்றால் ஒரு வாரமும் போதாது.

முதலில் பருவத்தைக் கவனியுங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மழை குறைவு. செப்டம்பர் முதல் நவம்பர் வரை மிகுதி. போக்குவரத்திற்கு 101 எண் பேருந்தே போதும். அது ஜார்ஜ்டவுன் படகுத்துறையில் புறப்பட்டு, கொம்தார் கோபுரம், தஞ்சோங் புங்கா, பத்து ஃபெரிங்கி வழியாகத் தெலுக் பஹாங் வரை செல்கிறது. நடத்துநர் கிடையாது, காசாகக் கட்டணம் செலுத்தினால் ஓட்டுநர் மீதி தரமாட்டார் என்பதால் சில்லறையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இருப்பது ஒரே சாலை என்பதால் வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் மாலை நெரிசல் கடுமையாக இருக்கும். காலையில் மேற்கு நோக்கிச் சென்று, இருட்டுவதற்குள் விடுதிக்குத் திரும்பிவிடுவதே நல்லது.

முதல் நாள் காலையைப் பினாங்கு தேசியப் பூங்காவுக்கு ஒதுக்குங்கள். முன்பு பந்தாய் ஆச்சே வனக்காப்பகமாக இருந்த இந்தக் காடு 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நிலமும் கடலுமாக ஏறத்தாழ 2,560 ஹெக்டேர் பரப்பே கொண்ட சிறிய பூங்காதான். ஆயினும் கடற்கரை, சதுப்பு, மலைக்காடு ஆகிய மூன்றையும் அரை நாளில் காலால் நடந்தே காண முடிகிற இடம் இது. தெலுக் பஹாங்கில் பேருந்து நிற்கும் இடத்திலிருந்து வாயில் நடக்கும் தொலைவில்தான் உள்ளது. அங்கே பெயரைப் பதிவு செய்த பிறகே உள்ளே செல்ல வேண்டும். மழையால் மண் சரிந்து சில பாதைகள் மூடப்படுவதுண்டு. எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பதை அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

வாயிலிலிருந்து சிறிது தூரம் கரையோரமாக நடந்ததும் பாதை இரண்டாகப் பிரியும். வலப்புறப் பாதை கடலை விட்டு விலகாமல் குரங்குக் கடற்கரை எனப்படும் தெலுக் டுயோங் வரை செல்கிறது. அங்கிருந்து செங்குத்தாக மேலேறினால், ஏறத்தாழ 240 மீட்டர் உயரக் குன்றின் மேல் 1883இல் கட்டப்பட்ட முக்கா ஹெட் கலங்கரை விளக்கத்தை அடையலாம். இடப்புறப் பாதை குன்றைத் தாண்டி, ஒன்றரை மணி நேர நடையில் பந்தாய் கெராச்சுட்டில் இறங்குகிறது. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் கெராச்சுட்டுக்கே செல்லுங்கள் என்பேன். அங்கே மணல்மேட்டின் பின்னால் ஒரு விந்தையான ஏரி இருக்கிறது. கடலிலிருந்து புகுந்த உப்புநீர் அடியிலும், மலையிலிருந்து இறங்கிய நன்னீர் மேலுமாகத் தங்கி, இரண்டும் கலக்காமல் அடுக்காக நிற்கின்றன. உப்புநீர் கனமானது என்பதால் அது கீழேயே தங்கிவிடுகிறது. மேலே குளிர்ச்சியாகவும் அடியில் வெதுவெதுப்பாகவும் இருக்கும். வறண்ட மாதங்களில் ஏரி வற்றிப்போய் வெறும் சேற்றுப் படுகை மட்டுமே தெரியும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதே கரையில் ஆமைப் பாதுகாப்பு நிலையம் ஒன்று உள்ளது. பேராமைகளும், சென்னைக் கரைக்கு வந்து முட்டையிடும் அதே இனமான பங்குனி ஆமைகளும் இங்கே கரையேறுகின்றன. கெராச்சுட்டில் கடலில் இறங்கிக் குளிக்கக் கூடாது, அடிநீரோட்டம் வலுவானது. போகும்போது நடந்து, திரும்பும்போது படகில் வருவதே உடம்புக்கு ஏற்ற வழி. படகுக் கட்டணம் தலைக்கு இவ்வளவு என்று இல்லாமல் ஒரு படகுக்கு இவ்வளவு என்றே பேசப்படுகிறது. திரும்ப அழைத்துச் செல்லும் நேரத்தைப் புறப்படும் முன்பே படகோட்டியிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீராவது வேண்டும். முதல்முறை நான் காலை பதினொரு மணிக்கு, அரை லிட்டர் புட்டியோடு இறங்கினேன். பாதி ஏற்றத்திலேயே தலை சுற்றி, ஒரு வேர்மேட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருக்க நேர்ந்தது. எட்டு மணிக்கே தொடங்கினால் அந்தத் துன்பம் இல்லை. உணவைப் பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டபடி நடக்காதீர்கள். நெடுவால் குரங்குகளுக்கு அந்தப் பையின் சலசலப்பே அழைப்பு. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் கொண்ட இலைதின்னிக் குரங்குகள் மட்டும் மரத்தின் உச்சியிலேயே இருந்துகொண்டு நம்மைப் பார்க்கும்.

நண்பகல் வெயிலில் மணலில் நிற்பதைவிட நிழலில் நிற்பது மேல். பத்து ஃபெரிங்கிக்கும் தெலுக் பஹாங்குக்கும் நடுவில், கைவிடப்பட்ட ரப்பர்த் தோட்டத்தைத் திருத்தி 2003இல் திறக்கப்பட்ட வெப்பமண்டல நறுமணத் தோட்டம் இதற்காகவே அமைந்தது போன்றது. மலைச்சரிவில் படிப்படியாக ஏறும் பாதையில் ஏலம், கிராம்பு, பட்டை, மிளகு என்று நம் அஞ்சறைப் பெட்டியில் உள்ளவை எல்லாம் செடியாக, கொடியாக, மரமாக நிற்கின்றன. இங்கே ஜாதிக்காயை அவசியம் பாருங்கள். மஞ்சள் நிறக் காய் முற்றியதும் நடுவே வெடிக்கிறது; உள்ளே கருங்கபில நிறக் கொட்டையைச் செக்கச்சிவந்த வலை ஒன்று இறுகச் சுற்றியிருக்கிறது. அந்த வலைதான் ஜாதிபத்திரி. கடையில் வாங்கும்போது வெளிறிய இதழ்போல் இருக்கும் அது, மரத்தில் இப்படி நெருப்பாக எரிவதைக் கண்ட பிறகு, பிரியாணி மணக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மரமே நினைவுக்கு வருகிறது. பினாங்கில் ஜாதிக்காய் தற்செயலாக முளைத்ததும் அன்று. இன்றைய இந்தோனேசியாவின் மொலுக்காஸ் தீவுகளில் டச்சுக்காரர்கள் கட்டிக்காத்த இந்த மரத்தின் கன்றுகளை, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே கொண்டுவந்து நட்டது. கொட்டையை மட்டுமன்றிச் சதைப்பற்றையும் ஊறவைத்தும் சாறு பிழிந்தும் உண்பது இந்தத் தீவின் வழக்கம். கடைகளில் ஜாதிக்காய்ச் சாறு கிடைத்தால் குடித்துப் பாருங்கள். தோட்டத்திற்குள் கொசு உண்டு. கைகால்களை மூடிய உடை நலம்.

இரண்டாம் நாள் காலையை தெலுக் பஹாங்கிலுள்ள எந்தோபியா பட்டாம்பூச்சி இல்லத்திற்கு வையுங்கள். 1986இல் தொடங்கிய பழைய பண்ணையே 2016இல் இப்பெயரில் விரிவாக்கப்பட்டது. வெயில் ஏறும் முற்பகலில்தான் பூச்சிகள் சுறுசுறுப்பாகப் பறக்கும். மழை மூட்டத்தில் இலையடியில் ஒடுங்கிவிடும். சிறுவர்கள் இருந்தால், 1,111 மீட்டர் நீள நீர்ச்சறுக்குக் குழாய்க்குப் பெயர்பெற்ற எஸ்கேப் பூங்காவும் அருகிலேயே இருக்கிறது. அதற்கு ஒரு முழு நாள் தனியாகத் தேவை.

தெலுக் பஹாங்கிலுள்ள பத்தேக், அதாவது மெழுகால் கோலமிட்டு வண்ணமேற்றும் துணி, செய்யும் பட்டறையைத் தவறவிடாதீர்கள். சிறு செப்புக் குழலிலிருந்து உருகிய மெழுகைத் துணிமேல் கோடாக ஒழுகவிட்டு, அந்தக் கோட்டுக்குள் தூரிகையால் வண்ணம் தொடுகிறார்கள். மெழுகு அணைபோல் நின்று வண்ணத்தைத் தடுக்கிறது. கையால் வரைந்த துணியைத் திருப்பிப் பார்த்தால் பின்புறமும் வண்ணம் ஏறக்குறைய அதே அழுத்தத்தில் இருக்கும். அச்சடித்த துணியின் பின்புறம் வெளிறியிருக்கும். இதைத் தெரிந்துகொண்டு இரவுச் சந்தைக்குப் போனால் ஏமாறமாட்டீர்கள்.

கடலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்த நீரில் ஜெல்லி மீன், அதாவது நம் கரையோர மக்கள் சொறி என்று அழைக்கும் உயிர், அவ்வப்போது வருகிறது; அவற்றுள் கொடிய நஞ்சுள்ள பெட்டி வகையும் உண்டு. இறங்கும் முன் விடுதிக் காவலரிடம் அன்றைய நிலையைக் கேளுங்கள். பட்டுவிட்டால் தேய்க்காமல், நன்னீர் ஊற்றாமல், வினிகரை ஊற்றி உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

மாலையில் கதிரவன் மறைவதைப் பார்க்க விரும்புவோர் ஒன்றை அறிந்திருப்பது நல்லது. இந்தக் கரை வடக்கு நோக்கியது. ஆகவே ஜூன் மாதத்தையொட்டிய நாட்களில் கதிரவன் வடமேற்கே சாய்ந்து கடலோடு மறையும். டிசம்பரில் மலைக்குப் பின்னால் போய்விட, வானத்தின் நிறம் மட்டுமே மிஞ்சும். மலேசிய நேரப்படி ஏழு மணிக்கு மேலும் வெளிச்சம் இருப்பதால் மாலைப்பொழுது நீண்டது. டிசம்பரில் வந்தவர்கள் அந்நேரத்தில் தஞ்சோங் புங்காவின் மிதக்கும் பள்ளிவாசலுக்குச் செல்லலாம். கடலுக்குள் தூண்கள் நாட்டி எழுப்பப்பட்ட அது, நீர் ஏறியிருக்கும்போதுதான் மிதப்பதுபோல் தோன்றும். நீர் வற்றியிருந்தால் தூண்களும் சேறுமே தெரியும். கடல்நீர் ஏறி இறங்கும் நேரத்தை முன்னதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே செல்வதானால் தொழுகை வேளையைத் தவிர்த்து, உடலை மூடிய உடையில் செல்வதே மரியாதை.

இரவுச் சந்தை சாலையோரமாக மாலையில் தொடங்கி, ஏழு மணிக்கு மேல் களைகட்டுகிறது. கைப்பைகளிலும் கடிகாரங்களிலும் போலிகள் மிகுதி என்பதால் அவற்றை விட்டுவிட்டு, விலை பேசுவதில் கூச்சப்படாமல், துணிமணியும் மரப்பொருளும் மட்டும் வாங்கலாம். பசியாறுவதற்கு, தமிழ் முஸ்லிம் உணவகமான ‘மாமாக்’ கடையில், பரோட்டா போன்ற ரொட்டி சானாயும், ஆற்றி நுரைக்க வைத்த தேநீரான ‘தே தாரிக்’கும் உண்டு. நாசி கண்டாரை ஜார்ஜ்டவுனுக்கு விட்டுவையுங்கள். தோளில் தடியைச் சுமந்து, இருபுறமும் சோறும் குழம்பும் தொங்கவிட்டு விற்ற தமிழ் முஸ்லிம்களால் உருவான உணவு அது, அந்தத் தடியின் பெயரே உணவுக்கும் ஆயிற்று. குவீன் தெருவில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலையும் அந்தப் பயணத்திலேயே வணங்கிவிடலாம்.

புறப்படும் நாளில் கவனம் தேவை. விமான நிலையம் தீவின் தென்கோடியில் பாயான் லெப்பாஸில் உள்ளது. தீவின் முழு நீளத்தையும் கடக்க வேண்டும். காலையில் ஒரு மணி நேரம் போதுமானாலும், மாலை விமானமானால் சாலைக்கு மட்டும் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.