அசோகா பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் முன்

டெல்லி எல்லையைத் தாண்டியதும் வரும் ஹரியானாவின் சோனிபட்டில், ராஜீவ் காந்தி எஜுகேஷன் சிட்டிக்குள் இருக்கிறது அசோகா பல்கலைக்கழகம். 2014-ல் தொடங்கிய தனியார் பல்கலைக்கழகம். தொழிலதிபர்கள் பலர் சேர்ந்து தரும் நன்கொடைதான் அதன் பலம். அதே சோனிபட்டில் ஓ.பி. ஜிண்டால் பல்கலைக்கழகமும் உண்டு. சட்டம் படிக்க நினைப்பவர்கள் அங்கே பார்க்கலாம். அசோகாவில் சட்டப் பட்டமோ பி.டெக்கோ கிடையாது.

சேரும்போதே துறையை முடிவுசெய்ய வேண்டியதில்லை. விண்ணப்பத்தில் விருப்பத் துறையைக் கேட்பார்கள், ஆனால் அது உங்களைக் கட்டுப்படுத்தாது. முதலில் எல்லா மாணவர்களும் அடிப்படைப் பாடங்கள் படிக்கவேண்டும்: விமர்சனச் சிந்தனை, இலக்கியம், இந்திய நாகரிகங்கள், சுற்றுச்சூழல், அறிவியல், கணிதச் சிந்தனை என்று. மேஜரை, அதாவது முதன்மைத் துறையை, அதன் பிறகு உறுதிசெய்தால் போதும். அரசியல், தத்துவம், பொருளாதாரம் மூன்றும் கலந்த மேஜர்கூட இருக்கிறது.

இந்தச் சுதந்திரத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பொருளாதாரமும் கணினி அறிவியலும் படிக்கட்டு மாதிரி. அறிமுகப் பாடமும் கணிதமும் முடித்தால்தான் அடுத்த பாடத்துக்குப் பதிவு செய்ய முடியும். ‘நிதானமாக யோசிக்கலாம்’ என்று முதல் வருடத்தை ஓட்டிவிட்டு இரண்டாம் வருடத்தில் இவற்றைப் பிடிப்பவர்களுக்கு செமஸ்டர்கள் போதாமல் போகும். இவற்றில் கொஞ்சமாவது ஆர்வம் இருந்தால் அறிமுகப் பாடங்களை முதல் வருடத்திலேயே எடுத்துவிடுங்கள். பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம், நஷ்டமில்லை. பிளஸ் டூவில் கணிதம் எடுக்காதவர்கள் கூடுதல் உழைப்புக்குத் தயாராக வரவேண்டும்.

சேர்க்கை பல சுற்றுகளாக நடக்கும். ஆன்லைன் விண்ணப்பத்தில் மதிப்பெண், பள்ளிக்கு வெளியே செய்தவை, கட்டுரைகள் எல்லாம் கேட்பார்கள். பிறகு திறனறித் தேர்வு, குறித்த நேரத்துக்குள் எழுதும் உடனடிக் கட்டுரை, கடைசியில் நேர்காணல். தேர்வு விதிவிலக்குகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்த ஆண்டின் அறிவிப்பை மட்டும் நம்புங்கள்.

முழு உழைப்பையும் கொட்டவேண்டிய இடம் விண்ணப்பக் கட்டுரை. “சமூக சேவையில் எனக்கு ஆர்வம் அதிகம்” என்று எழுதினால் யாருடைய கட்டுரை என்றே தெரியாது. அப்பாவின் மளிகைக் கடையில் கடன் நோட்டு எழுதினீர்களா? யார் எந்தத் தேதியில் திருப்பித் தந்தார்கள், யாருக்கு ஏன் மறுபடி கடன் கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள். அது பொருளாதாரத்துக்கும் சமூகவியலுக்கும் நேரடி நுழைவாயில். காசு கொடுத்து எழுதி வாங்கிய கட்டுரை நேர்காணலில் மாட்டிவிடும்: எழுதியதிலிருந்தே துருவிக் கேட்டால் இரண்டாம் கேள்விக்கே திணறல்தான். விண்ணப்பத்தின் நகல் ஒன்றை நண்பர் யாரிடமாவது கொடுத்து, ஒவ்வொரு வரிக்கும் ‘ஏன்?’ என்று கேட்கச் சொல்லிப் பழகுங்கள். உடனடிக் கட்டுரையில் ஒரு பக்கம் சாய்ந்து நில்லுங்கள், எதிர்வாதத்துக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். இரு தரப்பும் சரியே என்று முடிக்கும் கட்டுரை எடுபடாது.

அடுத்து, பணம். படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்குப் பத்து லட்சத்தைத் தாண்டும். அந்தத் தொகையைப் பார்த்ததும் விண்ணப்பத்தை மூடிவிடாதீர்கள். குடும்ப நிலையைப் பொறுத்து உதவித்தொகை உண்டு; தேவை மிக அதிகமானால் கட்டணம் முழுவதுமே தள்ளுபடியாகலாம். உதவி கேட்பது சேர்க்கை முடிவைப் பாதிக்காது என்பது பல்கலைக்கழகத்தின் கொள்கை. வருமான வரிக் கணக்கு, சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், வாங்கிய கடன்களுக்கான ஆவணங்கள் ஆகியவற்றை முன்கூட்டியே திரட்டுங்கள். விவசாயக் குடும்பமோ சிறு வியாபாரமோ என்றால் வருமானம் மாதாமாதம் சீராக இருக்காது. அதை ஒரு பக்கக் கடிதமாக விளக்கி இணையுங்கள். படிவத்தில் ஒரு தொகை, வங்கிக் கணக்கில் வேறு தொகை என்றிருந்தால் விளக்கம் கேட்பார்கள், முடிவும் தள்ளிப்போகும்.

விடுதியில் தங்கித்தான் படிக்கவேண்டும். நவம்பரில் அந்த வட்டாரமெங்கும் புகைமூட்டம், அதைத் தொடர்ந்து கடுங்குளிர். ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

இடம் கிடைத்தால் முன்பணம் கட்டக் கெடு வைப்பார்கள். வேறு கல்லூரி முடிவுக்காகக் காத்திருப்பவர்கள், எந்தத் தேதிக்குள் விலகினால் எவ்வளவு திரும்பும் என்பதை மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வாங்கிவைத்துக்கொண்டு கட்டுங்கள்.