குளிரூட்டி ஓடும் படுக்கையறைக்குப் புதுக்காற்று: சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு ஒரு செய்முறை

சுவரில் மாட்டும் குளிரூட்டி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்காற்றையே இழுத்து, குளிரவைத்து, திரும்பவும் விடுகிறது. வெளியே தொங்கும் பெட்டி வெப்பத்தை மட்டும்தான் வெளியேற்றும். 12 சதுர மீட்டர் அறையில் சுமார் 31 கன மீட்டர் காற்று இருக்கும். உறங்கும் பெரியவர் ஒருவர் மணிக்குப் பத்து லிட்டருக்கு மேல் கரியமிலவாயு விடுகிறார். கதவும் சன்னலும் இறுக மூடிய அறையில் இருவர் படுத்தால், அறைக்காற்றில் அதன் அளவு மணிக்கு 600 பிபிஎம்முக்கு மேல் ஏறும் (பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு).

வெளிக்காற்றில் இருப்பது 420 பிபிஎம்மை ஒட்டி. அலுவலகம் போன்ற குளிரூட்டப்பட்ட கட்டடங்களுக்கான சிங்கப்பூர்த் தரநிலை எஸ்எஸ் 554, வெளிக்காற்றைவிட 700 பிபிஎம்முக்கு மேல் கூடக்கூடாது என்கிறது. வீட்டுக்கு அது சட்டமில்லை. ஆனாலும் 1,100 என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு தொடங்கலாம்.

படி 1: கரியமிலவாயு மீட்டர். என்டிஐஆர் உணரி (அகச்சிவப்பு ஒளியால் கரியமிலவாயுவையே அளப்பது) உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். மலிவான சில கருவிகள் காற்றில் உள்ள வேறு ஆவிகளை வைத்துக் கரியமிலவாயுவை ஊகிக்கின்றன. கடுகு தாளித்தாலே அவற்றில் எண் எகிறும். அந்தக் காசுக்கு நல்ல விசிறி வாங்கலாம். மீட்டரை முதலில் தாழ்வாரத்தில் நிழலில் அரைமணி நேரம் வைத்து, 420 அருகே வருகிறதா என்று பாருங்கள். குனிந்து படிக்காதீர்கள், உங்கள் மூச்சே எண்ணை ஏற்றிவிடும்.

படி 2: காற்றுக்கு வழி. பெரிய படுக்கையறையை ஒட்டிய குளியலறையில் வெளியேற்றும் விசிறி இருந்தால் பாதி வேலை முடிந்தது. இரவில் அதை ஓடவிட்டு, குளியலறைக் கதவைச் சற்றே திறந்து வையுங்கள்.

என்னை நாள்கணக்கில் அலைக்கழித்தது இந்த இடம்தான். விசிறி விடாமல் ஓடுகிறது. மீட்டர் இறங்க மறுக்கிறது. டிஷ்யூ தாளில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கீற்றுக் கிழித்துப் படுக்கையறைக் கதவின் அடியில் பிடித்தேன். அசையவில்லை. அதையே குளியலறைச் சன்னல் அருகே பிடித்தால், உள்பக்கமாகப் படபடவென்று அடித்தது. விசிறிக்கு ஒரு முழம் தள்ளிச் சன்னல் திறந்திருந்ததால், அங்கே வந்த காற்றையே விசிறி வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. படுக்கையறைக் காற்றை அது தொடவே இல்லை. விசிறி ஓடும்போது அந்தச் சன்னலை மூடுங்கள். பிறகு கதவடியில் தாள் படுக்கையறைக்குள் சாய வேண்டும். அப்போதும் சாயாவிட்டால், குளிர் போகாமலிருக்கக் கதவடியில் ஒட்டிய ரப்பர் பட்டையைக் கழற்றுங்கள்.

வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே வருவது எங்கிருந்து என்பதும் முக்கியம். கூடத்துச் சன்னல் கொஞ்சம் திறந்திருக்கட்டும். அதை மூடிவைத்தால், பழைய வீடுகளில் சமையலறைக் குப்பைத் துவாரத்தின் வாடை படுக்கைக்கே வந்து சேரும்.

படி 3: அளவு. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். படுக்கையறைச் சன்னலை அகலத் திறந்தால் குளிரூட்டி இரவெல்லாம் அந்த ஈரத்தோடு மல்லுக்கட்டும், மின்கட்டணமும் ஏறும். கதவடி இடைவெளி போதாவிட்டால் கதவை ஒரு விரற்கடை திறந்து பாருங்கள்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்ட மூன்று.

புகைமூட்ட நாளில்? தேசிய சுற்றுப்புற வாரியம் வெளியிடும் ஒரு மணி நேர பிஎம்2.5 (காற்றிலுள்ள நுண்துகள்) அளவு 55ஐத் தாண்டினால் நான் எல்லாவற்றையும் மூடிவிட்டு ஹெப்பா வடிகட்டி உள்ள சுத்திகரிப்பானை ஓடவிடுவேன். அது துகளைத்தான் பிடிக்கும், கரியமிலவாயுவை அல்ல. அளவு இறங்கியதும் சிறிது நேரம் திறந்துவிட்டு மறுபடி மூடுவேன்.

சாம்பிராணி? போடுங்கள், சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு. அதன் புகையும் நுண்துகள்தான்.

எரிவாயு வெந்நீர்க் கருவி உள்ள வீடு? அது எரியும்போது சமையலறைச் சன்னல் திறந்தே இருக்க வேண்டும். வீட்டை அடைத்துவிட்டு விசிறியால் காற்றை இழுத்தால், எரிந்த வாயு வெளியேறாமல் வீட்டுக்குள்ளேயே திரும்பலாம். அதில் மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு இருக்கக்கூடும். கரியமிலவாயு மீட்டர் அதைக் காட்டாது.