மெத்தில் போட்டதும் வெட்ட மறுத்த ரைபோசைம்: என் அனுபவம்

மாற்றமில்லாத ஹேமர்ஹெட் ரைபோசைம் (இன்னொரு ஆர்என்ஏவை வெட்டும் ஆர்என்ஏ வினையூக்கி) சீரத்தில் (இரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) வெகு சீக்கிரம் சிதைந்துவிடும். அதனால் அதன் எல்லா நியூக்ளியோசைடுகளிலும் (ஆர்என்ஏவின் அலகுகள்) 2'-ஓ-மெத்தில் வைத்துப் பார்த்தோம், அதாவது சர்க்கரையின் 2'-ஹைட்ராக்சிலை மெத்திலால் மூடினோம். சீரத்தில் அசையாமல் நின்றது, ஆனால் வெட்டவில்லை. ஆர்என்ஏவை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் வெட்டுப்பட வேண்டிய ஆர்என்ஏவின் முழுநீளப் பட்டை மட்டும். கீழே துண்டு எதுவும் இல்லை. வெட்டுக்கு உதவும் மக்னீசியத்தைக் கூட்டியும் பயனில்லை.

மையப்பகுதியில்தான் விஷயம் இருந்தது. ஜி8-இன் (எழுத்து காரத்தையும் எண் இடத்தையும் குறிக்கும்) 2'-ஹைட்ராக்சில் வினையில் அமிலமாக வேலை செய்கிறது. அதை மெத்திலால் மூடிவிட்டால் வெட்டு எங்கே நடக்கும்? ஜி5, ஏ6, ஜி8, ஜி12, ஏ15.1 ஆகிய ஐந்தையும் மெத்தில் இல்லாத இயல்பான ரைபோஸாகவே விட்டோம். யு4, யு7 இரண்டிலும் 2'-அமினோ (ஹைட்ராக்சிலுக்குப் பதில் அமினோ), மற்றவற்றில் மெத்தில். இந்த அமைப்பு 1990களிலேயே ஆராய்ந்து பார்க்கப்பட்டதுதான். அடுத்த ஜெல்லில் துண்டுப் பட்டை தெளிவாகத் தெரிந்தது.

சரி, ஐந்து ரைபோஸ் இருந்தும் எப்படித் தாக்குப்பிடிக்கிறது? ஐந்துமே பியூரின்கள் (ஜி, ஏ). ஆர்என்ஏவைச் சிதைக்கும் ஆர்என்ஏஸ் ஏ வகை நொதிகளோ பிரிமிடின்களை (சி, யு) ஒட்டித்தான் வெட்டும். இந்தப் பொருத்தம் எனக்கு ரொம்பப் பிடித்தது.

அப்புறம் ஒன்று: வெட்டுப்படும் இழையில் சி17-இன் 2'-ஹைட்ராக்சிலை மட்டும் தொடாதீர்கள். பக்கத்துப் பாஸ்பேட்டைத் தாக்குவது அதுதான். வெட்டுப்படாத கட்டுப்பாட்டு மாதிரி வேண்டுமென்றால் மட்டும் அங்கே மெத்தில் வையுங்கள்.