குக்கர் கொதிக்கிறதா, விசில் அடித்துவிட்டதா? எரிமலைப் பதிவுகளைப் படிக்கும் முறை

அலாஸ்காவின் போகோஸ்லாஃப் எரிமலை பெரும்பாலும் கடலுக்குள் இருக்கிறது. 2016 டிசம்பர் முதல் 2017 ஆகஸ்ட் வரை அது அடிக்கடி வெடித்தது. ஆனால் அந்தத் தீவில் ஒரு கருவிகூட இல்லை. பக்கத்துத் தீவுகளில் இருந்த நில அதிர்வுமானிகளும், காதுக்குக் கேட்காத தாழ் ஒலியைப் பதியும் இன்ஃப்ராசவுண்ட் கருவிகளும்தான் கைகொடுத்தன. அந்தப் பதிவுகளை வைத்து வெடிப்பைக் கண்டுபிடிப்பதை நாமும் பழகிப் பார்ப்போம்.

முதலில் பைத்தான் நிரல்மொழியில், நில அதிர்வுப் பதிவுகளைக் கையாளும் ஒப்ஸ்பை (ObsPy) தொகுப்பை நிறுவிக்கொள்ளுங்கள். அலாஸ்கா எரிமலை ஆய்வகத்தின் பதிவுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றைத் தேட உதவும் வலையமைப்புக் குறியீடு 'ஏவி' (AV). சுமார் 60 கி.மீ. தள்ளியுள்ள ஓக்மோக் என்ற இன்னொரு எரிமலையில் உள்ள கருவிகளிலிருந்து இரண்டு பதிவுகளை எடுங்கள். நில அதிர்வுப் பதிவின் குறியீடு பிஎச்இசட் (BHZ), காற்றழுத்தப் பதிவின் குறியீடு பிடிஎஃப் (BDF). 2017 மே 28 பெரிய வெடிப்பு நடந்த நாள். அங்கே மதியம் 2 மணி தாண்டியிருந்தது, பதிவில் உலக நேரப்படி இரவு 10 மணி தாண்டி இருக்கும். புதியவர்கள் வழக்கமாகக் கோட்டை விடுவது இங்கேதான்.

அடுத்து, இரண்டிலும் 1 முதல் 5 ஹெர்ட்ஸ் வரை மட்டும் மிஞ்சும்படி வடிகட்டுங்கள். கடலலையின் இரைச்சல் பெரும்பாலும் அதற்குக் கீழே இருப்பதால் நீங்கிவிடும்.

இனி முக்கியமான வேலை. இரண்டையும் ஒரே நேர அச்சில் மேலும் கீழுமாக வரையுங்கள். எரிமலையைக் குக்கர் என்றும் வெடிப்பை விசில் என்றும் வைத்துக்கொண்டால், நிலம் அதிர்ந்தால் குக்கர் கொதிக்கிறது என்று அர்த்தம்; விசில் அடித்ததா என்பதைக் காற்றுதான் சொல்லும். நில அலை 60 கி.மீ. தூரத்தைப் பத்துப் பதினைந்து விநாடியில் கடந்துவிடும். ஒலி விநாடிக்கு 340 மீட்டர்தான் போகும் என்பதால் அதற்குக் கிட்டத்தட்ட 3 நிமிடம் ஆகும். ஆக, நிலப் பதிவு தொடங்கி ஏறக்குறைய 2 நிமிடம் 45 விநாடி கழித்து காற்றுப் பதிவும் துள்ளினால், அது வெடிப்பாக இருக்க நல்ல வாய்ப்புண்டு. தொடக்கம் மெல்ல எழும்பும், அதனால் சில விநாடி முன்பின் இருந்தால் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம், வெறும் காற்று வீசினாலும் பிடிஎஃப் துள்ளும். ஒரே இடத்தில் அருகருகே வைத்த பல கருவிகளை ஒப்பிடுங்கள். காற்றின் இரைச்சல் ஒவ்வொன்றிலும் வெவ்வேறு மாதிரி இருக்கும். எரிமலை ஒலியோ ஒரே வடிவத்தில், நொடிக்கும் குறைந்த இடைவெளியில் அடுத்தடுத்து வரும். அந்த இடைவெளியை வைத்தே திசையையும் கணக்கிடலாம்.

சரி, ஒலியே வரவில்லையா? உடனே 'வெடிக்கவில்லை' என்று எழுதிவிடாதீர்கள். எதிர்க்காற்று ஒலியை மங்கச் செய்யும், எரிமலை வாய் நீருக்குள் இருந்தாலும் அப்படித்தான். செயற்கைக்கோள் படத்தையும் மின்னல் பதிவையும் பாருங்கள். போகோஸ்லாஃபின் சாம்பல் மேகத்துக்குள் அடித்த மின்னல்களும் வெடிப்பைக் காட்டிக்கொடுத்தன.