இத்தாலியச் சொற்களைப் புரிந்து ஸ்கோர் படிப்பது

பியானோ, வயலின் எதைக் கற்றாலும் ஸ்கோரில் (இசையை எழுதிய தாளில்) ஸ்வரக் கோடுகளுக்கு மேலும் கீழும் இத்தாலியச் சொற்கள் வரும். பட்டியலாக மனப்பாடம் செய்தால் கிரேடு தேர்வோடு மறந்துவிடும். இவற்றில் பெரும்பாலானவை இத்தாலியர்கள் அன்றாடம் பேசும் சொற்கள்தான். நேர்ப்பொருளைப் பிடித்துக்கொண்டால் மனதில் நிற்கும்.

முதலில் வேகம். லார்கோ ‘அகலமாக’, அந்தான்தே ‘நடந்தபடி’, அல்லேக்ரோ ‘உற்சாகமாக’. சீராகத் தட்டி வேகம் காட்டும் மெட்ரோனோம் கருவியில் நிமிடத்துக்கு லார்கோ 40–60, அந்தான்தே 76–108, அல்லேக்ரோ 120–168 பீட் (தட்டு) என்று பொதுவாக வைப்பார்கள். கர்நாடக இசை தெரிந்தவர்கள் இங்கே தடுமாறுவதுண்டு. அங்கே காலம் என்றால் வேக நிலை; முதல் காலத்தைவிட இரண்டாம் காலம் துல்லியமாக இரு மடங்கு. அந்தான்தேக்கும் அல்லேக்ரோவுக்கும் இடையே அப்படி ஒரு கணக்கே கிடையாது.

அடுத்து ஒட்டுச் சொற்கள். ‘மோல்த்தோ’ மிக, ‘பியூ’ இன்னும் அதிகமாக, ‘மேனோ’ குறைவாக, ‘சூபித்தோ’ சட்டென்று. ‘போகோ அ போகோ’ அப்படியே நம் ‘கொஞ்சம் கொஞ்சமாக’. இந்த ஐந்தும் கைவந்தால் புதுத் தொடர்களைப் பிரித்துப் படித்துவிடலாம். ‘மோஸ்ஸோ’ அசைவு, ஆகவே ‘மேனோ மோஸ்ஸோ’ என்றால் வேகத்தைக் குறை. சத்தத்தைக் குறைத்துவிடாதீர்கள்.

சத்தத்துக்குப் பியானோ ‘மெல்ல’, ஃபோர்த்தே ‘வலுவாக’, மெட்ஸோ ‘பாதி’. 1700-ஐ ஒட்டி ஃபுளோரன்ஸில் கிறிஸ்தோஃபோரி செய்த கருவி இரண்டையும் வாசிக்க வல்லது என்பதால்தான் அதற்குப் பியானோஃபோர்த்தே என்று பெயர்.

அதிகம் பிழையாவது க்ரெஷெந்தோ. அதன் பொருள் ‘வளர்ந்துகொண்டே’, ‘சத்தமாக’ அல்ல. 1ஆம் பாரில் (ஸ்கோரில் இரு நெடுக்குக் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதி ஒரு பார்) பியானோ, அங்கேயே க்ரெஷெந்தோ, 9ஆம் பாரில் ஃபோர்த்தே என்று வைத்துக்கொள்வோம். சொல்லைக் கண்டதும் கை அழுத்தினால் 3ஆம் பாரிலேயே உச்சம் வந்துவிடும். மேலே போக இடமிருக்காது. பென்சிலால் 4ஆம் பாரில் மெட்ஸோ பியானோ, 7ஆம் பாரில் மெட்ஸோ ஃபோர்த்தே என்று குறித்துவிட்டு வாசியுங்கள். வளர்ச்சியின் பெரும்பங்கைக் கடைசி இரண்டு பாருக்கு மிச்சம் வையுங்கள்.

‘ரித்.’ என்ற சுருக்கம் பெரும்பாலும் ரிதர்தாந்தோ, அதாவது படிப்படியாகத் தாமதிப்பது. ரித்தேனூத்தோ என்றால் வேகத்தை உடனே பிடித்துக் குறைப்பது. இரண்டிலும் ‘அ தெம்போ’ வந்ததும் பழைய வேகத்துக்குத் திரும்ப வேண்டும். மெட்ரோனோம் போட்டுச் சரிபாருங்கள், பலரும் முழுதாகத் திரும்புவதில்லை. ‘தா காப்போ அல் ஃபீனே’ என்றால் தலையிலிருந்து, அதாவது ஆரம்பத்திலிருந்து மறுபடி தொடங்கி ‘ஃபீனே’ என்று எழுதிய இடத்தில் முடிப்பது. இந்தச் சுற்றில் ரிப்பீட் குறிகளை வழக்கமாக விட்டுவிடுவார்கள்.

உச்சரிப்பில் ஆங்கிலப் பழக்கம்தான் குறுக்கே நிற்கும். ‘ஃபைன்’ அல்ல, ஃபீனே. ‘டோல்ஸ்’ அல்ல, தோல்ச்சே. ‘இனிமையாக’ என்று பொருள். இத்தாலிய ‘த’ நம்முடையதைப் போலவே பல்லில் படும். இரட்டை ஒற்றும் நமக்குப் பழக்கமானதுதான்: அல்லேக்ரோவின் ‘ல்ல’வை ‘நல்ல’ என்பதில் வருவதுபோலவே அழுத்துங்கள்.

நாளுக்கு மூன்று சொல் போதும். மூன்றும் இப்போது வாசிக்கும் உருப்படியில் இருப்பவையாக இருக்கட்டும்.