கோட் எடிட்டரில் ஒரு சின்ன வசதி வேண்டுமா? கோரிக்கை வைப்பது இப்படித்தான்

பெயர் பாதி மறைந்து நிற்கும் டேப், மூன்று கிளிக் தள்ளி ஒளிந்திருக்கும் மெனு, கைக்கு எட்டாத ஷார்ட்கட். நிரல் எழுத உதவும் மென்பொருளான கோட் எடிட்டரில் வேலை செய்யும் யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். முணுமுணுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவதுதான் வழக்கம். கேட்டால் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. அதற்கு நீங்கள் பெரிய புரோகிராமராக இருக்க வேண்டியதும் இல்லை.

மைக்ரோசாஃப்டின் விஎஸ் கோடு எடிட்டரை வைத்து விளக்குகிறேன். 2015 நவம்பரில் அதன் மூலநிரல், நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் திறந்துவிடப்பட்டது. பயனர்களின் கோரிக்கைகளும் அங்கேதான் இஷ்யூக்களாக (கோரிக்கையோ குறையோ சொல்லும் தனித்தனிப் பதிவுகளாக) சேர்கின்றன. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், கிட்ஹப் கணக்கு இருந்தால் எழுதலாம்.

ஒரு மாதிரிக் கோரிக்கையை எடுத்துக்கொள்வோம். கூட வேலை செய்பவரிடம் “இந்தக் கோப்பில் இந்த வரியைப் பாருங்கள்” என்று சொல்ல வேண்டும். கோப்பின் பாதையைக் காப்பி செய்ய மெனுவில் வழி உண்டு. வரி எண்ணை மட்டும் நாமே பார்த்துத் தட்ட வேண்டும். 214 என்பது 241 ஆகிவிட்டால் அவர் சம்பந்தமே இல்லாத வரியை முறைத்துக்கொண்டிருப்பார். (விளக்கத்துக்காக எடுத்த உதாரணம் இது. நீங்கள் படிக்கும் நேரத்தில் இந்த வசதி எடிட்டரிலேயே வந்திருக்கலாம்.)

படி 1: ஏற்கெனவே இருக்கிறதா?

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம். மூன்று இடங்களில் தேடுங்கள்.

முதலில் கமாண்ட் பேலட், அதாவது எடிட்டரின் கட்டளைகளைப் பெயர் தட்டித் தேடும் பெட்டி. கன்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும் (மேக்கில் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட்). “காப்பி”, “பாத்” என்று ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். மெனுவில் இடம் பெறாத பல கட்டளைகள் இங்கே கிடைக்கும்.

அடுத்து செட்டிங்ஸ். டேப்கள் ஒரே வரியில் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன என்று இன்றும் புலம்புபவர்கள் உண்டு. அவற்றை இரண்டு மூன்று வரிகளாக மடித்து வைக்கும் “ராப் டேப்ஸ்” 2021 ஜனவரி பதிப்பிலேயே, அதாவது 1.53இலேயே வந்துவிட்டது. முன்னிருப்பாக அணைந்திருப்பதால் பலர் கண்ணில் படுவதில்லை.

மூன்றாவது, கிட்ஹப்பில் உள்ள பழைய இஷ்யூக்கள். திறந்திருப்பவற்றோடு மூடப்பட்டவற்றையும் பாருங்கள். ஒரே தேவையை ஒவ்வொருவரும் ஒவ்வொரு சொல்லில் எழுதியிருப்பார்கள். “லைன் நம்பர்”, “லொகேஷன்”, “ரெஃபரன்ஸ்” என்று மாற்றி மாற்றித் தேடுங்கள். உங்கள் கோரிக்கை அங்கே இருந்தால் புதிதாக எழுதாதீர்கள். அதன் முதல் பதிவுக்குக் கீழே கட்டைவிரல் உயர்த்தும் குறியை அழுத்திவிட்டு வாருங்கள். “எனக்கும் வேண்டும்” என்று கமென்ட் போடுவது ஓட்டாக எண்ணப்படாது. அந்த இஷ்யூவைப் பின்தொடரும் அத்தனை பேருக்கும் ஒரு மின்னஞ்சல் போவதுதான் மிச்சம்.

படி 2: தொந்தரவு யாருடையது?

எரிச்சலூட்டும் விஷயம் எடிட்டரில் இல்லாமல், நீங்கள் கூடுதலாக நிறுவிய எக்ஸ்டென்ஷன் (எடிட்டரோடு இணையும் துணை நிரல்) ஒன்றில் இருக்கலாம். எக்ஸ்டென்ஷன்கள் எல்லாவற்றையும் தற்காலிகமாக அணைத்துவிட்டுப் பாருங்கள். தொந்தரவு மறைந்துவிட்டால், கமாண்ட் பேலட்டில் “எக்ஸ்டென்ஷன் பைசெக்ட்” என்ற கட்டளையை ஓட்டுங்கள். அது எக்ஸ்டென்ஷன்களைப் பாதி பாதியாக அணைத்து “இப்போது சரியா?” என்று கேட்டுக்கொண்டே போகும். முப்பது எக்ஸ்டென்ஷன் இருந்தாலும் ஐந்தாறு கேள்விகளில் ஆள் அகப்பட்டுவிடும். அப்புறம் கோரிக்கையை அந்த எக்ஸ்டென்ஷனின் இணையப் பக்கத்தில் வையுங்கள்.

படி 3: இடைஞ்சலை எழுதுங்கள், தீர்வு பின்னால் வரட்டும்

எனக்குத் தெரிந்து, ஒரு கோரிக்கை தேறுவதும் தேறாததும் இங்கேதான் முடிவாகிறது.

“ரைட் கிளிக் மெனுவில் புதிதாக ஒரு பட்டன் வையுங்கள்” என்று ஆரம்பித்தால், படிப்பவர் அந்தப் பட்டனைப் பற்றி மட்டும்தான் யோசிப்பார். மெனு ஏற்கெனவே நீளம், இடமில்லை, முடியாது என்று கதை முடிந்துவிடும். வரி எண்ணைக் கையால் தட்ட வேண்டியிருக்கிறது, அதில் தவறு நேர்கிறது என்று ஆரம்பித்துப் பாருங்கள். மெனு வேண்டாம், கமாண்ட் பேலட்டில் ஒரு கட்டளையாக வைக்கலாமே என்று அவரே வேறு வழி சொல்லக்கூடும். உங்களுக்கு வேலை நடந்தால் போதும், இல்லையா?

“இதற்கு ஒரு செட்டிங் கொடுங்கள், வேண்டாதவர்கள் அணைத்துக்கொள்ளட்டும்” என்று கேட்பதற்கு முன்னும் கொஞ்சம் யோசியுங்கள். நமக்கு அது ஒரு டிக் குறி. உருவாக்குபவர்களுக்கோ ஒவ்வொரு புதிய செட்டிங்கும், போட்டாலும் அணைத்தாலும் சரியாக ஓடுகிறதா என்று காலம் முழுக்கச் சோதிக்க வேண்டிய சுமை. செட்டிங் இல்லாமல் தீரும் கோரிக்கைக்குப் பாதை எளிது.

தலைப்பில் செயலும் இடமும் இருக்கட்டும். “பயன்படுத்தக் கஷ்டமாக இருக்கிறது” என்ற தலைப்பைத் தேடி யாரும் வரப்போவதில்லை. நம் உதாரணத்துக்கான வடிவம் கீழே. தமிழில் தருகிறேன், பதிவிடும்போது சிறு சிறு வாக்கியங்களாக எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள். இலக்கண அலங்காரத்தை அங்கே யாரும் எதிர்பார்ப்பதில்லை.

> தலைப்பு: கோப்பின் பாதையை வரி எண்ணோடு காப்பி செய்யும் வசதி
>
> இப்போது நடப்பது: கோட் ரிவியூவில் (சக ஊழியரின் நிரலைச் சரிபார்க்கும்போது) ஒரு வரியைச் சுட்டிக்காட்ட, கோப்பின் பாதையைக் காப்பி செய்து ஒட்டுகிறேன். பிறகு வரி எண்ணைப் பார்த்துக் கையால் தட்டுகிறேன். ஒரு ரிவியூவில் பல முறை இதைச் செய்ய வேண்டியுள்ளது. எண் மாறிப்போகவும் செய்கிறது.
>
> எதிர்பார்ப்பது: கர்சர் இருக்கும் வரியின் எண்ணும் பாதையோடு சேர்ந்து காப்பி ஆக வேண்டும்.
>
> ஒரு யோசனை: கமாண்ட் பேலட்டில் தனிக் கட்டளையாக இருந்தாலே போதும். ஷார்ட்கட்டை நானே அமைத்துக்கொள்வேன்.
>
> பார்த்த மாற்று வழிகள்: இப்போதுள்ள பாதை காப்பிக் கட்டளைகளில் வரி எண் சேரவில்லை.

கடைசிப் பகுதியை விட்டுவிடாதீர்கள். தேடிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

ஒரு இஷ்யூவில் ஒரு கோரிக்கை மட்டும். “அப்படியே டேப் நிறத்தையும் மாற்றினால் நன்றாக இருக்கும்” என்று வால் ஒட்டினால், எதை ஏற்பது, எதை மூடுவது என்ற குழப்பத்தில் இரண்டும் கிடப்பில் போய்விடும்.

படி 4: படம்

திரையில் தெரியும் சங்கதி என்றால் ஒரு ஸ்கிரீன்ஷாட்டோ சில விநாடி வீடியோவோ பத்தி பத்தியாக எழுதுவதை மிச்சப்படுத்தும். எடுக்கும் முன் ஒரு வெற்றுக் கோப்பைத் திறந்து பொய்யான நான்கு வரிகளை அடித்துக்கொள்ளுங்கள். அலுவலக மூலநிரல், கடவுச்சொல், ஏபிஐ சாவி (கடவுச்சொல் போன்ற ரகசியக் குறியீடு) எதுவும் ஓரத்தில்கூடத் தெரியக் கூடாது. அங்கே போடும் படம் உலகம் முழுக்கத் தெரியும்.

படி 5: பதிவிடுதல்

ஹெல்ப் மெனுவில் “ரிப்போர்ட் இஷ்யூ”வைத் திறங்கள். வகை கேட்கும் இடத்தில் “ஃபீச்சர் ரிக்வெஸ்ட்”, எதைப் பற்றி என்ற இடத்தில் விஎஸ் கோடு அல்லது குறிப்பிட்ட எக்ஸ்டென்ஷன். எழுதி வைத்ததை ஒட்டுங்கள். கிட்ஹப்பில் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

வேறு எடிட்டர் என்றால் வாசல்தான் வேறு, எழுதும் முறை இதேதான். ஜெட்பிரெயின்ஸ் தயாரிப்புகளுக்கு யூட்ராக் என்ற தளம் உண்டு, அங்கேயும் ஓட்டுப் போடலாம். நோட்பேட் பிளஸ் பிளஸ் கிட்ஹப்பில் இருக்கிறது. ஈமாக்ஸில் “ரிப்போர்ட் ஈமாக்ஸ் பக்” என்ற கட்டளை எடிட்டருக்குள்ளேயே மின்னஞ்சலைத் திறந்துவிடும். பெயரில் பக் என்று இருந்தாலும் வசதி கேட்கவும் அதே வழிதான்.

படி 6: 60 நாள், 20 ஓட்டு

விஎஸ் கோடு குழு உங்கள் கோரிக்கையை உடனே ஏற்கவோ மறுக்கவோ செய்யாவிட்டால், பரிசீலனைப் பட்டியலில் வைப்பார்கள். தானியங்கி பாட் ஒன்று வந்து விதியைச் சொல்லும்: 60 நாளுக்குள் 20 பேர் ஆதரித்தால் கோரிக்கை பேக்லாகுக்கு (பின்னால் செய்ய வேண்டியவற்றின் பட்டியலுக்கு) போகும், இல்லாவிட்டால் மூடப்படும். பேக்லாகில் சேர்ந்தாலும் தேதி எதுவும் நிச்சயமில்லை.

எனவே முதல் இரண்டு மாதம் சும்மா இருக்க வேண்டாம். அதே இடைஞ்சலை அனுபவிக்கும் நண்பர்களுக்கு இணைப்பை அனுப்புங்கள். தேவையே இல்லாதவர்களைப் பிடித்து ஓட்டுப் போடவைப்பது வீண். அவர்களில் யாரும் விவாதத்தில் பயனுள்ள ஒரு வரி எழுதப்போவதில்லை. குழுவினர் கேள்வி கேட்டால் சீக்கிரம் பதில் போடுங்கள். வாரத்துக்கொரு முறை “என்ன ஆயிற்று?” என்று கேட்காதீர்கள்.

ஏற்று முடித்துவிட்டால், புதிய வசதி முதலில் இன்சைடர்ஸ் எனும் முன்னோட்டப் பதிப்பில் தென்படும். வழக்கமான விஎஸ் கோடுக்குப் பக்கத்திலேயே அதையும் தனியாக நிறுவிக்கொள்ளலாம். கேட்டவரே பயன்படுத்திப் பார்த்து, குறை இருந்தால் அதே இஷ்யூவில் சொல்வதற்கு அதுதான் நல்ல சமயம்.

மூடிவிட்டார்களா?

“டூப்ளிகேட்” என்று மூடினால், அவர்கள் காட்டும் மூல இஷ்யூவுக்குப் போய் ஓட்டுப் போடுங்கள். உங்கள் சூழல் அங்கே இல்லாத ஒன்றாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். “அவுட் ஆஃப் ஸ்கோப்” என்றால், இதை எடிட்டருக்குள் வைக்கப்போவதில்லை என்று பொருள். அங்கே வாதாடுவதைவிட எக்ஸ்டென்ஷனாகச் செய்து பார்ப்பது மேல். அடைப்புக்குறிகளுக்கு ஜோடி ஜோடியாக நிறம் தருவது நெடுநாள் எக்ஸ்டென்ஷனாகத்தான் இருந்தது. லட்சக்கணக்கானோர் பயன்படுத்திய பிறகு, 2021 ஆகஸ்ட் பதிப்பான 1.60இல் அது எடிட்டரின் உள்ளேயே வந்தது, முன்னைவிடப் பன்மடங்கு வேகத்தோடு.

நம் வரி எண் வசதிக்கும் சில வரி ஜாவாஸ்கிரிப்ட் போதும். திறந்திருக்கும் கோப்பின் பாதையை எடுத்து, கர்சர் நிற்கும் வரியின் எண்ணை ஒட்டி, கிளிப்போர்டில் எழுத வேண்டும், அவ்வளவுதான். எக்ஸ்டென்ஷன் எடிட்டரோடு பேசும் வழியான ஏபிஐ வரிகளை 0இலிருந்து எண்ணும், திரையோ 1இலிருந்து காட்டும். ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள்.