ஒரு நாளுக்கு ஒரு பெயர்

நிலவுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. தன்மேல் விழும் சூரிய ஒளியில் ஏறக்குறைய 12 சதவீதத்தைத்தான் அது திருப்பித் தருகிறது. பௌர்ணமி இரவில் வரப்பில் நடந்துபோக அதுவே போதும். நாமும் அப்படித்தான்; இயேசுவின் ஒளியைக் கொஞ்சம் பிரதிபலித்தாலே போதும். ஆகவே பெரிய ஊழியம் வாய்க்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

நான் கடைப்பிடிக்கும் வழி இது. காலை ஜெபத்தில், அன்று நிச்சயம் சந்திக்கப்போகும் ஒருவரைப் பெயர் சொல்லி ஆண்டவரிடம் ஒப்படைப்பேன். சிலிண்டர் கொண்டுவருபவர், குப்பை வண்டி அக்கா, யாராகவும் இருக்கலாம். பெயர் தெரியாதா? அன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூன்று மாடி சிலிண்டரைச் சுமந்து வந்து, தோளில் கிடக்கும் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நிற்பவருக்கு முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுங்கள். பணம் எண்ணுவது அப்புறம். வசனம் சொல்ல அவசரம் வேண்டாம். மத்தேயு 5:16-ல் மனிதர் முதலில் காண்பது நற்கிரியைகளைத்தான். அவர்களாகக் கேட்கும்போது இயேசுவைப் பற்றித் தயங்காமல் சொல்லுங்கள்.

இன்னொன்று. ஞாயிறு காலை அவசரத்தில் வீட்டில் யாரிடமாவது எரிந்து விழுந்திருந்தால், மன்னிப்புக் கேட்டுவிட்டு ஆலயத்துக்குச் செருப்பை மாட்டுங்கள்.